ஒன்றைத் தாண்டாத கண்ணாடி

முதலில் சுருங்கியவர் முனியப்பன்தான். நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து வளைவில் ஒரு கம்பத்தை நட்டு, அதன் தலையில் ஆரஞ்சு விளிம்பு போட்ட, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கிற வட்டக் கண்ணாடியை மாட்டிவிட்டுப் போனார்கள். பனைமரத்தில் பாதி உயரத்துக்கு மீசையை முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த முனியப்பன் அடுத்த வெள்ளிக்கிழமை தென்னங்கன்று உயரத்துக்கு வந்திருந்தார், மறு வெள்ளிக்கிழமை அண்டா உயரத்துக்கு, அதற்கும் மறு வெள்ளிக்கிழமை பூசாரி கைலாசம் எண்ணெய்க் காப்புப் போட அவரைக் குனிந்து தேட வேண்டியிருந்தது. யாரும் அலறவில்லை. முனியப்பனுக்கு இமை கிடையாது, பெயின்டர் வரைந்த முட்டைக் கண் ராப்பகலாகத் திறந்தே கிடக்கிறது, நேர் எதிரே கண்ணாடியை மாட்டினால் அவர் வேறெங்கே பார்ப்பார், பார்க்கப் பார்க்க அதில் தெரிகிற அளவுக்கு வந்துவிட்டார், அவ்வளவுதான் என்று பூசாரி சொன்னார். ஊரும் தலையாட்டிவிட்டு, இனிமேல் மாலை சின்னதாகக் கட்டினால் போதும் என்று நினைத்துக்கொண்டது.

ஊர் என்று அதைச் சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். சேலத்துப் பக்கத்து மலை ஒன்றில் ரோடு கொண்டை ஊசி மாதிரி மடங்குகிற இடத்தில், மலைப் பக்கம் பாறையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் வீடுகளும் முனியப்பனும், பள்ளத்துப் பக்கம் தண்ணீர்த் தொட்டியும் அர்த்தநாரியின் டீக்கடையும் பஸ் நிற்கிற இடமும், நடுவில் ரோடு. மடிப்புக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று எந்த டிரைவருக்கும் தெரியாது என்பதால் எல்லா வண்டியும் அங்கே நின்றாக வேண்டும். நின்று, ஹாரன் அடித்து, இறங்கி, முனியப்பனுக்கு ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் குங்குமம் தடவி இரண்டு பக்கமும் வீசி, ஒரு டீ குடித்து, கொதிக்கிற இன்ஜினுக்குத் தண்ணீர் ஊற்றித்தான் கிளம்புவார்கள். அந்த நிற்கிற நேரத்தை வைத்துத்தான் அந்த ஊரே பிழைத்தது. நின்றவர்கள் கொய்யா வாங்கினார்கள், நிற்காதவர்கள் ஆளை அடித்தார்கள். யோகேஸ்வரியின் அப்பா தொட்டியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டும்போது ஒரு சிமென்ட் லாரி அவரைக் குடத்தோடு சேர்த்துத் தேய்த்துவிட்டுப் போனது அப்படித்தான்.

அதற்குப் பிறகுதான் அவள் அம்மா மாதம்மாள் கண்ணாடி கேட்க ஆரம்பித்தாள். கொய்யாக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டே கலெக்டர் ஆபீசுக்குப் போனாள், நெடுஞ்சாலை ஆபீசுக்குப் போனாள், ஓட்டுக் கேட்டு வந்தவர்களின் ஜீப்பை மறித்தாள், எங்கே போனாலும் ஒரே பேச்சு: "வண்டி வர்றது தெரிஞ்சாப் போதும் சாமி, எங்க வளைவுல ஒரு கண்ணாடி வெச்சுக் குடுங்க." வருஷக்கணக்கில் கேட்டு, கேட்டவளுக்குக் குரல் கட்டிப்போய், கேட்கப்பட்டவர்கள் ரிட்டயர் ஆகிப்போன பிறகு கண்ணாடி வந்தது. வந்த நாளில் மாதம்மாள் கம்பத்துக்கு மஞ்சள் பூசிக் கும்பிட்டாள். இதைச் சொல்லாமல் விட்டால், பின்னால் அவள் செய்ததெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும்.

முனியப்பனுக்குப் பிறகு சேவல். டீக்கடை அர்த்தநாரியின் சேவல் கண்ணாடியில் தெரிந்த சேவலோடு சண்டைக்கு நின்று நின்று கோழிக்குஞ்சு அளவுக்கு வந்தது. குரங்குகள் வந்து பல்லைக் காட்டிப் பார்த்துவிட்டுப் பல்லி அளவில் மரமேறின. நாய்கள் மட்டும் கண்ணாடியை மதிக்கவே இல்லை, அதனால் இருந்தபடியே இருந்தன. அப்புறம் மனிதர்கள். நின்று முறைத்தால் அதில் தெரிகிற அளவுக்கே வந்துவிடலாம், சும்மா ஓர் ஓரப்பார்வை என்றால் ஒரு நகக்கண் அளவு போகும். போகிற வண்டியில் இருப்பவர்களுக்கும் போனதுதான், ஆனால் கீழே சமவெளியில் யார் யாரை அளந்தார்கள், எல்லாரும் கொஞ்சம் சின்னவர்களாகத்தான் வீடு போய்ச் சேர்கிறார்கள். வளைவுக்காரர்களால் அப்படிப் போய்விட முடியாது. வீடு இந்தப் பக்கம், தண்ணீர் அந்தப் பக்கம். கண்ணாடியைப் பார்க்காமல் தாண்டினால் லாரி, பார்த்துவிட்டுத் தாண்டினால் ஒரு நகக்கண். கையில் இருப்பதும் கூடவே குறைந்தது, குடமும் கூடையும் கூடையிலிருந்த கொய்யாவும்.

இது என்ன கண்ணாடி என்று ஊரிலேயே தெரிந்தவள் யோகேஸ்வரி ஒருத்திதான், அவளுக்கும் அரைகுறைதான். அடிவாரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒளிப் பாடத்தில் ஒரு பெரிய அட்டவணை, பொருளை எங்கே வைத்தால் பிம்பம் எங்கே விழும், பெரிதா சின்னதா, நேரா தலைகீழா என்று. அதில் இரண்டு வரிசையை மட்டும் அவள் படிக்கவே இல்லை. இரண்டிலும் 'ஈறிலாத் தொலைவு' என்று போட்டிருந்தது. "ஈறிலாத் தொலைவுன்னா அது எந்த ஊரு டீச்சர், யாரு போய்ப் பாத்தது?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது, டீச்சர் வெளியே நிற்கச் சொன்னார், அவள் வெளியே போனவள் அப்படியே மலையேறி வீட்டுக்கு வந்துவிட்டாள், மறுநாளும் போகவில்லை, அதற்கு மறுநாளும் போகவில்லை. பொறுமை என்பது அவளுக்குக் கொடுத்தே அனுப்பாத சாமான்.

"அது குவி ஆடி," என்று டீக்கடையில் சொன்னாள். "எட்ட நின்னா ரொம்பச் சின்னதாக் காட்டும், கிட்ட நின்னா கொஞ்சம் சின்னதாக் காட்டும். உருப்பெருக்கம் ஒண்ணைத் தாண்டவே தாண்டாது."

"ஒண்ணுன்னா?" என்றார் அர்த்தநாரி. பெஞ்சின் கால்களை இரண்டாவது முறையாக அறுத்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுன்னா நீங்க இப்ப இருக்கிற அளவு மாமா. எங்க போய் நின்னாலும் அதுக்கு மேல அது தராது."

"என்ன புள்ள, ரேஷன் கடைக்காரன் மாதிரி பேசுற."

"ரேஷன்லயாவது போன மாசத்துது இந்த மாசம் வரும். இது வராது."

அர்த்தநாரி யோசித்தார். கிட்ட நின்றால் கொஞ்சம்தானே போகும் என்று கம்பத்தில் ஓர் ஏணியைக் கட்டினார். தாண்டுகிறவர்கள் ஏணியில் ஏறிக் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்கள், உண்மையிலேயே மயிரிழைதான் குறைந்தது, ஊரே அவரை மெச்சியது. ஆனால் மூக்கை ஒட்டிப் பார்த்தால் மூக்குதான் தெரியும், ரோடு தெரியாது. வண்டி இல்லை என்று ஏணியிலிருந்து கைகாட்டிப் பூசாரி தன் ஆட்டை ஓட்டினார், லாரி வந்தது, ஆட்டில் பாதி ரோட்டைத் தாண்டியது, மீதி தாண்டவில்லை. அன்று சாயங்காலமே ஏணியை அவிழ்த்து அடுப்புக்குப் போட்டார்கள்.

அப்புறம் எல்லாரும் பழகிக்கொண்டார்கள். பழகுவதில் அந்த ஊரை அடித்துக்கொள்ள ஆளில்லை. டீ கிளாஸ் போய் மருந்து பாட்டில் மூடி வந்தது, ஒரு மாத அரிசி ஒரு வருஷத்துக்கு வந்தது, ஒரு சேலையைக் கிழித்து ஊருக்கே உடுத்தக் கொடுத்தார்கள், ஒரு வீட்டுக்குள் நான்கு வீடு கட்டினார்கள். பெண் பார்க்க வந்தவர்கள் பெண் குள்ளமாக இருக்கிறாளே என்று இழுத்தபோது, அந்தப் பக்கம் போய் டீ குடிக்கலாம், இந்தப் பக்கம் வந்து வெற்றிலை போடலாம் என்று அவர்களை நாலைந்து தடவை ரோட்டைத் தாண்ட வைத்தார்கள், பொருத்தம் தானாக வந்தது. அரசாங்கத்து ஆளும் ஒருநாள் வந்தார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "கண்ணாடி வெச்ச பிறகு இங்க ஆக்சிடென்ட் உண்டா?" என்றார். இல்லை என்றார்கள். "அப்ப கண்ணாடி வேலை செய்யுதில்ல?" என்றார். செய்கிறது என்றார்கள். கம்பத்துக்குக் கீழே நின்று கண்ணாடியை நன்றாக நிமிர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிய அவருக்கு ஜீப்பில் ஏறும்போது கால் எட்டவில்லை, யாரும் அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

பஸ்ஸில்தான் முதலில் வம்பு வந்தது. பிள்ளைகளை நிறுத்தி அளக்க உள்ளே ஒரு கோடு போட்டிருப்பார்களே, அதன் கீழே அர்த்தநாரியை நிறுத்திப் பார்த்தார் கண்டக்டர் சடையப்பன்.

"அரை டிக்கெட்டுங்க."

"யோவ், எனக்குப் பேத்தி இருக்குது. மீசையப் பாருய்யா."

"மீசைக்குத் தனியா டிக்கெட் இல்லீங்க. கோட்டுக்குக் கீழ இருந்தா அரை."

அர்த்தநாரி ஊருக்கு வந்து இதை லாபம் என்று சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து அரை டிக்கெட்டும் இல்லை என்றார் சடையப்பன், மடிக்குழந்தைக்கு ஏது டிக்கெட். அதற்கும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பஸ் நிற்கவில்லை. கண்ணாடி வந்ததிலிருந்து லாரிகள் நிற்பதை விட்டிருந்தன, அந்தப் பக்கம் தெரியும்போது எதற்கு நிற்க வேண்டும். எலுமிச்சம்பழத்தை ஓடுகிற வண்டியிலிருந்தே எறிந்தார்கள், எறிந்த பழம் முனியப்பனைவிடப் பெரிதாக இருந்தது. பஸ்ஸாவது நிற்கும் என்று ஊர் கை காட்டிக்கொண்டே நின்றது, பஸ் போய்க்கொண்டே இருந்தது.

"ஊரே கை காட்டுச்சே, பார்க்கலையா அண்ணே?" என்று யோகேஸ்வரி அடிவாரத்தில் சடையப்பனைப் பிடித்துக் கேட்டாள்.

"யாரு காட்டினது கண்ணு? ரோடு காலியால்ல கெடந்துச்சு," என்றார் அவர். பொய் சொல்லவில்லை.

யோகேஸ்வரி மட்டும் சுருங்கவில்லை, ஏனென்றால் அவள் பார்க்கவில்லை. பார்க்க மாட்டேன் என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். காதை வைத்துத் தாண்டுகிறேன், எனக்கு லாரிச் சத்தம் தெரியும் என்று தலையைக் குனிந்துகொண்டு ஒரே ஓட்டம். "பாத்துட்டுப் போடி, உங்கப்பனும் காதை நம்பித்தான் போனான்" என்று மாதம்மாள் கத்துவாள். "முடியாதும்மா" என்று இவள் ரோட்டின் பாதியிலிருந்து பதில் சொல்வாள். அப்படியே அது வழக்கமாகிப்போனது: இவள் குடத்தை எடுத்தால் அம்மா ரோட்டோரத்துக்கு வருவாள், கொஞ்சம் நிற்பாள், "வா, வண்டி இல்ல" என்பாள், இவள் ஓடுவாள். திரும்பி வரும்போதும் அந்தக் குரல், "வா, வண்டி இல்ல." அம்மாவின் வாய் சும்மா இருக்காது என்று மட்டும் யோகேஸ்வரி நினைத்திருந்தாள்.

ஒருநாள் டீக்கடை வாசலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது பார்த்தாள். மற்றவர்கள் எல்லாம் ஒரு முழம் இருந்தார்கள். மாதம்மாள் ஒரு சாண்கூட இல்லை, ஒரு கொய்யாப்பழத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்து நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அம்மா மட்டும் ஏன் மாமா இப்படி? எல்லாரும் அதே ரோட்டைத்தானே தாண்டுறீங்க?"

அர்த்தநாரி மூடியிலிருந்த டீயை உறிஞ்சினார். "நாங்க எங்களுக்குப் பாக்கறோம். அவ உனக்கும் சேர்த்துப் பாக்கறா. நீ பத்து நடை ஓடினா பத்து நடையும் அவ நின்னு நெதானமா ரெண்டு பக்கமும் பாக்கறா. நெதானமாப் பாத்தா அதிகமாத்தான போவும்?"

"ஏன் யாரும் எங்கிட்டச் சொல்லலை?"

"நீயே பாப்பேன்னு நெனச்சோம். நீதான் எதையும் பாக்கறதில்லையே."

அன்று வீட்டில் யோகேஸ்வரி கத்தினாள். கண்ணாடியைக் கழற்றி எறிகிறேன், கண்ணை மூடிக்கொண்டு கல்லால் அடித்தேன் உடையவில்லை, அது என்னவோ பிளாஸ்டிக், கம்பத்தையே ரம்பம் போட்டு அறுக்கிறேன் என்று கத்தினாள். மாதம்மாள் தீப்பெட்டி மேல் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரல் இப்போது கொசு மாதிரி, காதைக் கிட்டக் கொண்டுபோனால்தான் கேட்கும்.

"அறுத்தா?"

"அறுத்தா யாரும் சுருங்க மாட்டாங்க."

"லாரி வந்தா?"

யோகேஸ்வரி தீப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சின்னதா இருந்தாலும் இருக்கேன் இல்லடி," என்றாள் மாதம்மாள். "இந்த வளைவுல யாரையாவது கூடையில அள்ளினோமா, அது வந்த பொறவு? அது இருக்கட்டும்."

சரி, இனி நீ பார்க்காதே, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று யோகேஸ்வரி சொன்னாள். அம்மா சரி என்றாள். ஆனால் எங்கே ஹாரன் கேட்டாலும் மாதம்மாளின் கண் தானாகக் கண்ணாடிக்குப் போய்விடும், முனியப்பனுக்கு இமை இல்லாத மாதிரி அவளுக்கு அந்த ஒரு விஷயத்தில் இமை இல்லை. யோகேஸ்வரி ஜன்னலை அடைத்தாள், அம்மா கதவிடுக்கில் பார்த்தாள். கதவை அடைத்தாள், கூரை ஓட்டையில் ஏறிப் பார்த்தாள். அப்படி ஏறியபோதுதான் ஒரு காக்கை வந்து அவள் தலைமுடியைக் கொத்தி இழுத்தது. யோகேஸ்வரி கம்பால் அடித்து விரட்டி அம்மாவை இறக்கினாள், அவள் உள்ளங்கையில் அம்மாவின் ரத்தம் ஒரு கடுகு அளவு இருந்தது. இனி பொறுக்க முடியாது என்று முடிவு செய்தாள்.

அவளுக்குத் தெரிந்த பாதி இப்போது உதவிக்கு வந்தது. குவி ஆடி குறைத்தால் குழி ஆடி கூட்டும். வயிறு முன்னால் தள்ளியது எடுத்துக்கொள்கிறது என்றால் வயிறு உள்ளே ஒட்டியது கொடுக்கத்தானே வேண்டும். பஸ் வளைவில் நிற்பதையே விட்டுவிட்டதால் குறுக்குப் பாதையில் இறங்கி, அடிவாரத்து ஃபேன்சி ஸ்டோரில் ஒரு வட்டக் கண்ணாடி வாங்கி வந்தாள், பிங்க் பிளாஸ்டிக் விளிம்பு, முகப்பரு கிள்ளுகிறவர்கள் பார்ப்பது, ஒரு பக்கம் சாதா, மறுபக்கம் முகத்தைப் பூசணிக்காயாகக் காட்டும். அதைத் தன் வீட்டு வாசலில், ரோட்டோரத்து மைல்கல்லின் மேல், வீட்டைப் பார்த்த மாதிரி நிறுத்தினாள். எதிரே அரிசி மூட்டைப் பலகையைக் கல்மேல் போட்டு உயரத்தைச் சரிசெய்தாள். பெரிய கண்ணாடி ரோட்டுக்கு அந்தப் பக்கம், பிங்க் கண்ணாடிக்கு நேர் பின்னால், அது மறைத்ததால் பலகையில் நிற்கிறவர்களுக்குத் தெரியவில்லை. அது நல்லதுதான் என்று அவள் நினைத்தாள்.

முதலில் சேவலை விட்டார்கள். அது சண்டைக்குக் கிட்டப் போனது, கொஞ்சம் வளர்ந்தது. ஒரு தப்படி பின்வாங்கியது, இன்னும் வளர்ந்தது, புறா அளவு, காக்கை அளவு. ஊர் டீக்கடை வாசலிலிருந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. சண்டைக்குப் பாய்வதற்காகச் சேவல் ஒரே தாவாக மிகவும் பின்னால் போய் நிமிர்ந்தது, நிமிர்ந்தால் தலைகீழ். முதுகு தரையில், கால் இரண்டும் ஆகாயத்தில், கொண்டை பலகையில் தேய அது கூவியது, காலையில் கூவ வேண்டியதைச் சாயங்காலம் கூவியது, அதற்கப்புறம் அது நேராகவே இல்லை.

"குவியத்தைத் தாண்டினா தலைகீழ்," என்றாள் யோகேஸ்வரி. "மறந்தே போயிட்டேன்."

"சேவல்தான, எப்படி நின்னா என்ன, முட்டையா போடப்போவுது," என்று அர்த்தநாரி அதைத் தூக்கித் துடைத்தார்.

சேவல் எந்த இடத்துக்கு முன்னால் நேராகவும் எந்த இடத்துக்குப் பின்னால் தலைகீழாகவும் ஆனது என்று மண்டியிட்டுப் பார்த்து, அங்கே பலகையின் குறுக்கே கோலமாவால் ஒரு கோடு போட்டாள். கோட்டுக்கு முன்னால் நின்றால் நேர். கோட்டை நெருங்க நெருங்கப் பெரிது. கோட்டுக்குப் பின்னால் போகக் கூடாது. அவ்வளவுதான் கணக்கு என்று நினைத்தாள். கோட்டின் மேலேயே நின்றால் என்ன என்று அவள் கேட்டுக்கொள்ளவில்லை, கோடு என்பது தாண்டாமலிருக்கப் போடுவது.

மாதம்மாளைக் கண்ணாடிக்குக் கிட்ட நிறுத்தினாள். மாதம்மாள் வெட்கப்பட்டுக்கொண்டு பார்த்தாள், தன் முகத்தைத் தான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது, பெரிய கண்ணாடியில் எப்போதும் வண்டி வருகிறதா என்று மட்டும்தான் பார்த்திருந்தாள். பார்க்கப் பார்க்க வளர்ந்தாள். ஒரு சாண், ஒரு முழம், மூன்று வயதுப் பிள்ளையின் உயரம். கொசுக்குரல் போய்க் கிளிக்குரல் வந்தது. அந்தப் பக்கம் டீக்கடையிலிருந்து கைதட்டினார்கள், எங்களையும் எங்களையும் என்று கத்தினார்கள். யோகேஸ்வரி சிரித்தாள். அந்த வளைவில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"போதும்டி," என்றாள் மாதம்மாள். "பேசினா கேக்குது, அது போதும். மத்தவங்களை வரச்சொல்லு."

"பாதியில விடச்சொல்றியா? இன்னும் கொஞ்சம் பின்னால போம்மா."

"கண்ணு கூசுது. நாளைக்குப் பாக்கலாம்."

"நாளைக்கெல்லாம் முடியாது. இன்னும் ஒரு எட்டு. கோட்டைத் தாண்டாத, அவ்வளவுதான்."

மாதம்மாள் ஓர் எட்டு வைத்தாள். கோட்டுக்கும் அவள் குதிகாலுக்கும் நடுவில் ஒரு விரல் போகும். கண்ணாடியில் அவள் முகம் விளிம்பைத் தாண்டி வழிந்தது. அங்கேயே நில், நகராதே, இவர்களைக் கூட்டிவருகிறேன் என்று சொல்லிவிட்டு யோகேஸ்வரி திரும்பினாள், குட்டையர்கள் தாங்களாக நடந்துவந்தால் இருட்டிவிடும், கூடையில் அள்ளி வந்தால் ஒரே நடை என்று கணக்குப் போட்டாள், தலையைக் குனிந்துகொண்டு எப்போதும்போல ஓடினாள்.

ஹாரன் கேட்டது. மேலேயிருந்தா கீழேயிருந்தா என்று அவள் காதுக்குத் தெரியவில்லை, அந்த வளைவில் சத்தமும் வளைந்துதான் வரும். மாதம்மாளுக்கும் கேட்டது. அவள் கண் பெரிய கண்ணாடியைத் தேடியது, பிங்க் கண்ணாடி மறைத்தது, அதன் தலைக்கு மேலாக எட்டிப் பார்க்க அவள் ஒரு விரல் அளவு பின்னால் நகர்ந்தாள்.

"நில்லுடி! லாரி!"

கிளிக்குரல் இல்லை, பழைய குரல், கலெக்டர் ஆபீஸில் கேட்ட குரல். யோகேஸ்வரி நின்றாள். லாரி அவள் மூக்கு நுனிக் காற்றை அள்ளிக்கொண்டு போனது, தார்ப்பாய் அவள் தோளை அறைந்தது. அவள் திரும்பி ஓடிவந்தபோது பலகையில் கோலமாவுக் கோடு இருந்தது, கோட்டின் மேல் இரண்டு குதிகாலின் தடம் இருந்தது, வேறொன்றும் இல்லை. கண்ணாடியிலும் எதுவும் இல்லை, வெறும் வெளிச்சம், விளிம்பு முதல் விளிம்பு வரை ஒரே வெளுப்பு.

ஊர் தேடியது. பலகைக்கு அடியில், சாக்கடையில், புல்லில் தேடியது. தேடிவிட்டு, இதையும் பழகிக்கொண்டது. பூசாரி கோட்டுக்குக் குங்குமம் வைத்தார். "பெருசாயிட்டா. கண்ணுக்குள்ள அடங்காத பெருசு, அதான் தெரியல," என்றார். அர்த்தநாரி தன் பங்குக்கு, இனி யாரும் பெருக்க வேண்டாம், இருக்கிறது போதும் என்றார், எல்லாரும் தலையாட்டினார்கள், தலையாட்டியது தெரியாத அளவுக்கு அவர்கள் தலை இருந்தது. பிங்க் கண்ணாடியை யோகேஸ்வரி பள்ளத்தில் எறிந்தாள்.

எறிந்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தபோதுதான் அட்டவணை முழுவதும் கண்ணுக்கு முன்னால் வந்தது, அவள் படிக்காமல் விட்ட இரண்டு வரிசையோடு. பொருள் குவியத்தில்: பிம்பம் ஈறிலாத் தொலைவில், மிகப் பெரியது. டீச்சர் கரும்பலகையில் எழுதிய கை, சாக்பீஸ் கீச்சிட்டது, எல்லாம் வந்தது. எந்த ஊர் என்று கேட்டாளே, அந்த ஊருக்கு அம்மாவை அவளேதான் அனுப்பியிருக்கிறாள், ஓர் எட்டு, இன்னும் ஓர் எட்டு என்று சொல்லிச் சொல்லி. விட்டுப்போன இன்னொரு வரிசை குவி ஆடிக்கும் உரியது. பொருள் ஈறிலாத் தொலைவில் இருந்தால் பிம்பம் குவியத்தில், புள்ளி அளவு.

மறுநாள் தண்ணீருக்குப் போகக் குடத்தை எடுத்தாள். ரோட்டோரத்தில் நின்றாள். வா, வண்டி இல்ல என்று யாரும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, கண்ணாடி வந்ததிலிருந்து முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். ரோடு தெரிந்தது, மடிப்புக்கு அந்தப் பக்கம் தெரிந்தது, குடத்தோடு ஒரு சின்னப் பெண் தெரிந்தாள். அவளுக்குப் பின்னால், வீடுகளுக்குப் பின்னால், மலைக்கும் பின்னால், கண்ணாடியின் நட்டநடுவில் ஒரு புள்ளி இருந்தது.

வண்டி இல்லை. ஆனாலும் அவள் தாண்டாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். இப்போதும் தினமும் நிற்கிறாள், குடத்தைக் கீழே வைத்துவிட்டுக்கூட நிற்கிறாள், டீக்கடையிலிருந்து அர்த்தநாரி போதும் வா புள்ள என்று கத்தினாலும் காதில் வாங்குவதில்லை. அந்தப் புள்ளி அம்மாவாக இருக்கலாம், ஈ எச்சமாகவும் இருக்கலாம். முதல் நாளே கம்பத்தில் ஏறி ஒரு துணியால் துடைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்று அவளுக்குத் தைரியம் வரவில்லை. இன்று தைரியம் இருக்கிறது, கம்பத்தின் அடியில் போல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டுகிறாள், கை போல்ட்டின் தலையைத்தான் எட்டுகிறது.